சீட்டு கைக்கு வந்தது, சட்டை வரவில்லை

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பதிலை உடனே தராமல் பிறகு தரும் அசிங்க் ஃபங்ஷனிடம் ஏமாறாத இணைய நிரலாளர் யாராவது உண்டா? (அந்தப் பெயரைத் தமிழில் எழுதினாலே ஒரு மாதிரியாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.) என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜவுளிக்கடைக்கு விலைப்பட்டியல் நிரல் எழுதினேன். மேலாளர் மட்டுமே விலையை மாற்றலாம் என்பது ஏற்பாடு. அதற்காக ‘மேலாளரா’ என்று ஒரு ஃபங்ஷன். கையில் இருந்த பட்டியலைப் பார்த்து ஆம், இல்லை என்று உடனே சொல்லிவிடும். பிறகு தரவுத்தளத்தைக் கேட்கும்படி அதை மாற்றியபோது முன்னால் அசிங்க் சேர்த்தேன். அதை அழைத்து ஆமா, இல்லையா என்று சோதிக்கும் இஃப் வரியில், பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெயிட் என்ற சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. மேலாளர் கணக்கில் நுழைந்து சோதித்தேன், விலை மாறியது, நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

பதினோராம் நாள் கடையிலிருந்து அழைப்பு. ரசீது போடும் பையன் 450 ரூபாய்ச் சட்டையை 45 ரூபாய் ஆக்கியிருந்தான். கைதவறித்தான் செய்திருக்கிறான். ஆனால் அவனுக்கு அந்தப் பக்கமே திறந்திருக்கக் கூடாது.

அசிங்க் ஃபங்ஷன் எதைத் திருப்பினாலும் நம் கைக்கு வருவது பிராமிஸ்தான். தையல்காரர் தரும் சீட்டைப் போல: புதன்கிழமை வாருங்கள் என்று எழுதியிருக்கும், சட்டை இன்னும் துணியாகவே கிடக்கும். ஜாவாஸ்கிரிப்டில் பிராமிஸ் ஓர் ஆப்ஜெக்ட், இஃப் எந்த ஆப்ஜெக்டையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். உள்ளே ‘இல்லை’ என்ற பதில் வரவிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? சீட்டோடு வந்த எல்லாருக்கும் கதவு திறந்தது.

———

அண்ணா, உங்கள் கதையைப் படித்தேன். என்னை மாட்டிவிட்டது, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்-ஈச். நாற்பது பொருள்களின் இருப்பைச் சர்வரில் கேட்டுக் கூட்ட வேண்டும். ஃபார்-ஈச் உள்ளே அவெயிட் போட்டேன். திரையில் முதலில் ‘மொத்தம்: 0’ என்று வந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பொருளின் எண்ணும் சாவகாசமாக வரிசையில் வந்தது. உள்ளே இருக்கும் ஃபங்ஷன் தரும் பிராமிஸை ஃபார்-ஈச் கண்டுகொள்வதே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஃபார்-ஆஃப் சுற்றுக்கு மாற்றினேன், கணக்குச் சரியானது. ஆனால் ஒன்று முடிந்தபின் அடுத்தது என்பதால், ஒன்றுக்கு 200 மில்லிவினாடி என்றாலும் 8 வினாடி காத்திருக்க வேண்டும். மேப் போட்டு எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே நேரத்தில் அனுப்பி, எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் பிராமிஸ்.ஆல் வசம் கொடுத்தபோது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அதிலும் ஒரு வினை: நாற்பதில் ஒன்று தவறினாலும் மீதி முப்பத்தொன்பதின் பதிலும் நமக்குக் கிடைக்காது. வந்தது எது, தவறியது எது என்று தனித்தனியே சொல்லும், 2020இல் மொழியில் சேர்ந்த ஆல்செட்டில்ட் தான் இப்போது எனக்குக் கைகொடுக்கிறது.

———

தம்பி, சர்வரிடம் தரவு கேட்கும் ஃபெட்ச் செய்யும் கூத்தையும் சேர்த்துக்கொள். சர்வர் 404 (பக்கம் இல்லை) சொன்னாலும் 500 (சர்வரில் கோளாறு) சொன்னாலும் அது வெற்றிதான் என்று நினைத்துக்கொள்ளும். இணைப்பே அறுவது போன்ற சிக்கல் வந்தால்தான், பிழைகளைக் கையாளும் கேட்ச் பக்கம் போகும். பதில் சரியானதா என்று சொல்லும் ‘ஓகே’ என்ற பண்பை நாமேதான் பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஊர் தேடும் பெட்டி. ‘மது’ என்று அடித்தவுடன் ஒரு கோரிக்கை போகும், ‘மதுரை’ என்று முடித்தவுடன் இன்னொன்று. இரண்டாவதன் பதில் சிறியது, முந்திக்கொண்டு வந்துவிடும். மதுரை தெரியும். அரை வினாடி கழித்து முதல் கோரிக்கையின் நீண்ட பதில் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பெட்டியில் மதுரை, கீழே முதல் வரியில் மதுராந்தகம்! என் கணினியில் ஒருமுறைகூட நடக்கவில்லை, மெதுவான கைப்பேசி இணைப்பில்தான் நடந்தது. அபார்ட்கண்ட்ரோலர் கொண்டு பழைய கோரிக்கையை ரத்து செய்தேன். ரத்து செய்ததும் அது கேட்ச் பக்கம் வந்து விழுந்ததால், ஒவ்வோர் எழுத்துக்கும் ‘இணைப்பில் கோளாறு’ என்று சிவப்பில் எரிந்தது. அந்தப் பிழையை மட்டும் பெயர் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் ஓய்ந்தது.

———

அக்கா, ரத்து செய்வது பிழையாக வந்து விழும் என்று எனக்குத் தெரியாது, நன்றி. அவெயிட் மறந்த இஃப்பை, ஜாவாஸ்கிரிப்டோடு வகைச் சோதனையும் சேர்ந்த மொழியான டைப்ஸ்கிரிப்ட் 4.3 முதல் கடுமையான சோதனை அமைப்பில் பிழையாகவே காட்டுகிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். நேற்றிரவு அந்த ஜவுளிக்கடைக் கோப்புகளை டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றி ஓட்டினேன். இன்னும் இரண்டு இடங்கள் மாட்டின. ஒன்று, ரசீதை அழிக்கும் பொத்தான்.