திசையற்றதா, திசையிலியா, திசைப்படாததா?

(கொழும்புப் பக்கத்து நால்வரின் உரையாடல். பேசுவோரை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறது.)

வெள்ளவத்தை:
முதலாமாண்டுக் கணினி வகுப்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கோட்டுரு (graph) என்பது புள்ளிகளும் (கணு) அவற்றை இணைக்கும் கோடுகளும் (விளிம்பு). விளிம்புகளில் அம்புக்குறி இல்லாத கோட்டுருவுக்கு (undirected graph) "திசையற்ற கோட்டுரு" என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

தெகிவளை:
ஒப்பாதுதான் அக்கா. 'அற்ற' என்றால் இருந்தது அறுந்துபோன சாயல். இங்கே திசை தொலையவில்லை, கொடுக்கப்படவேயில்லை. 'திக்கற்றவருக்குத் தெய்வமே துணை'யும் பக்கத்தில் வந்து நிற்கும். 'திசையிலி' போடுங்கள்.

கொட்டாஞ்சேனை:
தமிழ்நாட்டுக் கணிதத்தில் திசையிலி என்பது நம் 'எண்ணி' (scalar, அளவு மட்டும் உள்ளது). அளவோடு திசையும் உள்ள வெக்டர் அங்கே திசையன், இங்கே காவி. பிள்ளைகள் இரு கரை யூடியூப்பும் பார்க்கிறார்கள், குழம்பும். (காவி அருமையான சொல். காவுதல் என்றால் சுமத்தல், காவடியும் அந்த வழிதான். வெக்டரின் லத்தீன் மூலமும் சுமப்பதே.)

தெகிவளை:
திசையே வடசொல் சேர். குறளில் 'தென்புலத்தார்' இருக்கிறாரே, அங்கே புலம் என்றால் திசை. 'புலமில் கோட்டுரு'?

கொட்டாஞ்சேனை:
காந்தப்புலத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பம்பலப்பிட்டி:
ஏன் இந்தப் பாடு? கொள்ளுப்பிட்டியில் காலி வீதி போல அம்புள்ளது ஒருவழி, அம்பில்லாதது 'இருவழிக் கோட்டுரு'. எல்லாருக்கும் விளங்கும்.

வெள்ளவத்தை:
பிழையாக விளங்கும். கணிதர் ஆய்லர் 1736இல் எடுத்த கோனிக்ஸ்பேர்க் நகரப் பாலக் கணக்கில் 7 பாலம், 4 நிலம். நிலங்களைத் தொடும் பாலங்கள் 5, 3, 3, 3. எல்லாம் ஒற்றை, இடையில் கடக்கும் நிலத்துக்கோ வர ஒன்று போக ஒன்று என்று இரட்டையாக வேண்டும், ஆகவே ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறை மட்டும் கடக்கும் நடை கிடையாது. இருவழி என்று பாலத்துக்கு இரண்டாக 14 அம்பு போட்டால் ஒவ்வொரு நிலத்திலும் வரவும் செலவும் சமம், ஒவ்வொரு அம்பையும் ஒருமுறை கடக்கும் நடை கிடைத்துவிடும். விடையே மாறுகிறது.

அ–ஆ–இ என்ற மரத்திலும் (சுற்று, அதாவது புறப்பட்ட கணுவுக்கே திரும்பும் பாதை, இல்லாமல் இணைந்த கோட்டுரு) இதே வில்லங்கம். அம்பில்லாவிட்டால் சுற்று இல்லை, இருவழியில் அ→ஆ→அ ஒரு சுற்று. ஆழமுதல் தேடலில் (DFS, ஒரு வழியே முடிந்தவரை ஆழமாகப் போய்த் திரும்பும் தேடல்) வந்த கணுவுக்கே திரும்புவதைத் தடுக்காமல் நிரல் எழுதினால், மரத்திலும் சுற்று இருப்பதாகச் சொல்லும். அயல் தாயத்தை (எந்தக் கணு எதோடு இணைகிறது என்ற அட்டவணை) பார்த்தும் பிடிக்க முடியாது, இரண்டுக்கும் ஒரே சமச்சீர்த் தாயம்தான்.

கொட்டாஞ்சேனை:
அப்படியானால் திசைப்படா கோட்டுரு. சோடிச் சொல் திசைப்பட்ட கோட்டுரு.

பம்பலப்பிட்டி:
சென்னைப் படம் பார்க்கும் பிள்ளைக்கு 'படா' என்றால் பெரிசு.

வெள்ளவத்தை:
சரி, 'திசைப்படுத்திய', 'திசைப்படுத்தாத'. நீளம்தான், ஆனால் திசை கொடுப்பது நாம் என்பது தெரிகிறது. முதல் இடத்தில் மட்டும் 'அம்பில்லாத' என்று விளக்கம் சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் நாளை பகலுக்குள்.

தெகிவளை:
நான் இன்னும் புலமில் பக்கம்தான். அது கிடக்க, மேலே 'திசைப்படா கோட்டுரு' என்றதில் க் விட்டுப்போய்விட்டது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும், 'திசைப்படாக் கோட்டுரு'. 'படுத்தாத' என்றால் மிகாது.