புதுப்பிப்பு: மூக்கில் அடிக்கும் செமாக்ஸ், அளவுக் குழப்பம்

மச்சான் கொண்டுவந்து தந்த செமாக்ஸை (மூளைக்குன்னு மூக்கு வழியா எடுக்கும் ரஷ்ய மருந்து) ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன். ஆளுக்கொரு அளவு சொன்னீங்க. ஏன்னு இப்பதான் புரியுது.

ரஷ்யாவில் இது 0.1%, 1% என்று இரண்டு வீரியத்தில் விற்கிற சொட்டு மருந்து. 0.1% என்றால் மில்லிக்கு 1 மில்லிகிராம், ஒரு சொட்டுக்குச் சுமார் 50 மைக்ரோகிராம். நீங்க சொன்னதெல்லாம் சொட்டுக் கணக்கு. என்னிடம் இருப்பதோ ஸ்ப்ரே.

நேற்று கீழக்கரை வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அளந்தேன். சின்னக் கிண்ணத்தில் பத்து அடி அடித்து, உம்மாவின் புது இன்சுலின் சிரிஞ்சில் உறிஞ்சினால் 100 யூனிட் கோட்டைத் தொட்டது. அதாவது 1 மில்லி. (அவ்வளவு மருந்து வீணாப்போச்சேன்னு வயிறு எரிஞ்சது வேற.) ஆக ஓர் அடி இரண்டு சொட்டுக்குச் சமம்.

அதைவிடப் பெரிய சிக்கல் லேபிள். '10 மி.கி' என்று மட்டும் போட்டிருக்கு. 10 மில்லி பாட்டில் முழுக்கவா, ஒரு மில்லிக்கா? முதலாவதுன்னா அடிக்கு 100 மைக்ரோகிராம், இரண்டாவதுன்னா 1000. பத்து மடங்கு!

மச்சானைக் கேட்டால், "சும்மா ஓர் அடி போடு மாப்ளே" என்கிறார். பாட்டில் ஃப்ரிட்ஜில் மீன் ஆணச் சட்டிக்குப் பின்னால் கிடக்கு, தொடலை.