புதுப்பிப்பு: தொழில்நுட்ப அறிக்கை எண்களை மார்க் 21 பதிவில் எந்தப் புலத்தில் இடுவது?

ஒரே தொழில்நுட்ப அறிக்கைக்கு, அதை வெளியிட்ட ஆய்வகம் ஓர் எண்ணும் நிதி வழங்கிய அமைப்பு வேறோர் எண்ணும் தந்திருந்தால் இரண்டையும் மார்க் 21 வடிவில் (நூலகப் பட்டியல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகப் பிரித்துக் கணினியில் பதியும் செந்தர வடிவம்) எவ்வாறு பதிவது என்று முன்பு கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

எண்ணுக்கு ஒன்றாக, அறிக்கை எண்ணுக்கான 088 புலத்தைத் திரும்பத் திரும்ப இடலாம் என்ற யோசனைதான் பலன் தந்தது. 027 புலம் செந்தரத் தொழில்நுட்ப அறிக்கை எண்ணுக்கு (குறிப்பிட்ட செந்தரப்படி அமைக்கப்பட்ட எண்) மட்டுமே உரியது என்பதால் அதைப் பயன்படுத்தவில்லை. அட்டையில் அறிக்கை எண்ணுக்கு நேர் கீழே, எழுத்தும் இலக்கமும் கலந்து பார்வைக்கு அதைப் போலவே அச்சாகியிருக்கும் ஒப்பந்த எண்ணை, நிதி விவரக் குறிப்புக்கான 536 புலத்தின் 'பி' துணைப்புலத்தில் இட்டோம்.

எதிர்பாராத சிக்கல் ஒன்றும் வந்தது. பதிவுகள் சரியாக இருந்தும் எண்ணைக் கொண்டு தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் மென்பொருளின் தேடல் அடைவில் 088 சேர்க்கப்படவே இல்லை. அதைச் சேர்த்து, அடைவை முழுவதுமாக மறுபடி உருவாக்கிய பின்னரே அறிக்கைகள் அகப்பட்டன. இடைக்கோடு இல்லாமல் எண்ணைத் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னமும் அவை கிடைப்பதில்லை. அதற்காக, ஆவணத்தில் இல்லாத ஒரு வடிவத்தை இன்னொரு 088இல் புகுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அது தேடல் அமைப்பில் தீர்க்க வேண்டிய வேலை.