ஹெலிக்கல் அன்ரனா: சுருள்வில்லா, புரிக்கொம்பா?

பௌதிகவியல் ஆசிரியை, உவர்மலை:

கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் உயர்தர வகுப்பு மாணவர்கள் 433 மெகாஹேட்ஸில் இயங்கும் சிறிய வானொலிக் கருவி ஒன்றைச் செய்கிறார்கள். அந்த மீடிறனுக்குரிய அலைநீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். அதில் காற்பங்குக்கு நேர்க்கம்பியை அன்ரனாவாக நிறுத்தினாலே 17 சென்ரிமீற்றருக்கு மேல் நீளும். கருவியின் பெட்டியோ சவர்க்காரப் பெட்டியளவுதான். ஆகையால் செப்புக்கம்பியைப் பேனைக் குழாயின்மீது சுற்றியெடுத்து, கடைசிச் சுற்றைச் சிறிது சிறிதாக நறுக்கி இசைவுக்கு, அதாவது அந்த மீடிறனுக்குப் பொருந்தும் நிலைக்கு, கொண்டுவரும் முறையைக் கையேட்டில் விளக்கியிருக்கிறேன். கையேடு வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஆங்கிலத்தில் ஹெலிக்கல் அன்ரனா எனப்படும் இதை வரைவில் ‘சுருள் அன்ரனா’ என்றே எழுதியிருந்தேன். ஒரு மாணவி, “நுளம்புச்சுருள் மாதிரியா ரீச்சர்?” என்று கேட்ட பிறகுதான் சிக்கல் விளங்கியது. ஒரே தளத்தில் மையத்திலிருந்து விரிந்து செல்லும் ஸ்பைரல் வேறு; விட்டம் மாறாமல் அச்சின் வழியே ஏறிச் செல்லும் ஹெலிக்ஸ் வேறு. இரண்டு வகையிலும் அன்ரனாக்கள் உண்டு. இரண்டையும் சுருள் என்று சொல்லிவிட்டால் பிறகு எப்படிப் பிரித்துக் காட்டுவது?

பொறியியலாளர், கிண்ணியா:

‘சுருள்வில் அன்ரனா’ என்று எழுதுங்கள், ரீச்சர். கடையிலும் ‘ஸ்பிரிங் அன்ரனா’ என்றுதான் கேட்கிறோம். பேனைக்குள் இருக்கும் வில்லைக் காணாத பிள்ளை இல்லை.

அதைவிட முக்கியமான பிழை ஒன்று வரைவில் இருக்கிறது. ‘நோர்மல் மோட்’ என்பதைச் ‘சாதாரண முறை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நோர்மல் என்பது வழமையானது என்ற பொருளில் வரவில்லை. அச்சுக்குச் செங்குத்தாகக் கதிர்வீசுவது என்பதே பொருள். இணைந்த கணிதத்தில் ‘செவ்வன் மறுதாக்கம்’ படித்த பிள்ளைகளுக்குச் ‘செவ்வன் முறை’ என்றால் உடனே பிடிபடும். 1946இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜோன் கிராவுஸ் உருவாக்கியது மற்றைய வகை, அதாவது அச்சின் திசையிலேயே கதிர்வீசும் அச்சு முறை. அதில் ஒரு சுற்றின் சுற்றளவே ஏறத்தாழ ஓர் அலைநீளம். உங்கள் மீடிறனில் விட்டம் 22 சென்ரிமீற்றர் வரும். அதைச் சுற்றுவதற்குப் பேனைக் குழாய் போதாது, பொங்கல் பானைதான் வேண்டும். அந்த வகையில் கம்பி சுற்றிய திசையைப் பொறுத்தே அலையும் சுழலும் என்பதால், அனுப்பும் பக்கத்தை ஒரு திசையிலும் பெறும் பக்கத்தை எதிர்த்திசையிலும் சுற்றினால் அநேகமாக ஒன்றும் கேட்காது.

சுற்றுகள் ஏறும் சாய்வுக்குத் ‘திருகுகோணம்’ பொருத்தமான சொல்தான். பலகையில் எழுதும்போது, ரீச்சர் திருகோணமலை என்ற ஊரின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார் என்று பிள்ளைகள் சிரிக்காமல் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நிலாவெளி:

தம்பி முற்பாதியை மட்டும் தமிழாக்கிவிட்டு ‘அன்ரனா’வை அப்படியே விட்டுவிட்டார். இலத்தீனில் அச்சொல் பாய்மரத்தின் குறுக்குமரத்தைக் குறித்தது. நம்மவர்கள் அதைப் பருமல் என்பார்கள். பூச்சியின் உணர்கொம்புக்கு அரிஸ்ரோட்டில் ஆண்ட கிரேக்கச் சொல்லுக்கோ கொம்பு, பருமல் என இரு பொருளும் உண்டு. இலத்தீனில் பெயர்த்தவர் பருமலைப் பிடித்துக்கொண்டார். நாம் ஏன் கொம்பைப் பிடிக்கக் கூடாது? மாட்டுக்கும் கொம்பு, மரத்துக்கும் கொம்பு என்று தமிழும் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறது? முறுக்கிய கொம்புடைய மானைச் சங்கப் பாடல் ‘திரிமருப்பு இரலை’ என்கிறது. அந்தக் கொம்பு அச்சொட்டாக ஹெலிக்ஸ்தான். வைக்கோற்புரி, முப்புரிநூல், வலம்புரிச் சங்கு எல்லாவற்றிலும் புரி என்பது முறுக்கே. ஆகவே என் பரிந்துரை ‘புரிக்கொம்பு’. தம்பி சொன்ன திசைச் சிக்கலுக்கும் வலம்புரிக்கொம்பு, இடம்புரிக்கொம்பு என்று விடை ஆயத்தமாக இருக்கிறது.

விலங்கியல் பட்டதாரி, மூதூர்:

ஐயா, அந்த விடையில்தான் முள் இருக்கிறது. சங்கின் ஒடுங்கிய வாய்க்கால் நுனியை மேலே பிடித்து, வாய் வலப்பக்கம் திறந்தால் நாம் வலம்புரி என்கிறோம். விலங்கியலார் சுருளின் உச்சியை மேலே பிடித்துப் பார்ப்பதால் அதே சங்கு அவர்களுக்கு இடச்சுற்று. சங்கைக் கவிழ்த்தாலும் புரியின் திசை மாறாது. திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது அதே திசையில்தான் இறுகும். வழமையாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்கே சாதாரணத் திருகாணியின் திசையில் சுற்றியிருக்கிறது. அரிதான வலம்புரி அதற்கு எதிரானது. எனவே ‘வலம்புரிக்கொம்பு’ என்று எழுதினால், சங்கைப் பார்த்துச் சுற்றுபவர் ஒரு திசையிலும் பௌதிகப் புத்தகத்தைப் பார்த்துச் சுற்றுபவர் மறுதிசையிலும் சுற்றுவார்கள்; இருவருக்கும் தொடர்பு கிடைக்காது.

இரலையும் இலங்கையில் இல்லை. திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானின் கொம்பு கிளைக்குமே தவிரத் திருகாது.

தமிழாசிரியர், நிலாவெளி:

சங்கின் பெயர் முந்தியது. திருகாணி பிந்தி வந்தது. மாற்றிக்கொள்ள வேண்டியது எது?

பொறியியலாளர், கிண்ணியா:

எதையும் மாற்ற வேண்டியதில்லை, ஐயா. பேனைக் குழாயில் சுற்றும் செவ்வன் முறைச் சுருளில் எந்தத் திசையில் சுற்றினாலும் நடைமுறையில் வேறுபாடு தெரியாது. கம்பி நறுக்கும்போது கையை அருகில் வைத்திருந்தால் இசைவு விலகிவிடும். பட்டை அகலமும், அதாவது அது நன்றாக இயங்கும் மீடிறன் வீச்சும், குறுகியது. திசையைவிட இவற்றைக் கையேட்டில் அழுத்திச் சொல்லுங்கள், ரீச்சர்.

ஆசிரியை, உவர்மலை:

புதன் இரவு பத்து மணியாகிவிட்டது. இதுவரை ஐவர் ‘சுருள்வில் அன்ரனா’ என்கிறார்கள், இருவர் ‘புரிக்கொம்பு’, ஒருவர் ஹெலிக்கல் என்றே விட்டுவிடச் சொல்கிறார். சுருள்வில் அன்ரனா என்றும் செவ்வன் முறை என்றும் திருத்திவிட்டேன். அச்சு முறையைச் சொல்லும் ஒரே பந்தியில் வலத்திருகு, இடத்திருகு என்று எழுதி, சங்கைத் தவிர்த்துவிட்டேன். ஐயா பொறுத்தருள வேண்டும்.

தமிழாசிரியர், நிலாவெளி:

அச்சுக்குப் போகட்டும், பிள்ளை. ஆனால் வில் என்றால் வளைத்து விட்டதும் தன் நிலைக்கு மீள வேண்டும். நீங்கள் சுற்றும் செப்புக்கம்பி, இழுத்தால் இழுத்த இடத்திலேயே நிற்கும். அதற்கு வில் என்று பெயரிட்டதை நான் ஏற்கவில்லை என்பதைக் குழுவின் கோப்பில் பதிந்து வைக்கவும்.