நிறம் பாராமல் வேடம் கொடுத்தால் போதுமா? சிண்ட்ரெல்லா படமும் எங்கள் பள்ளி நாடகமும்

கேள்வி: மன்னார்குடி ஆசிரியை

மன்னார்குடிக்கு அருகே ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆண்டு விழாவுக்குச் சிண்ட்ரெல்லா நாடகம் என்று முடிவானதால், 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட சிண்ட்ரெல்லா படத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரையிட்டேன். கறுப்பினப் பாடகி பிராண்டி சிண்ட்ரெல்லாவாகவும் விட்னி ஹூஸ்டன் தேவதையாகவும் நடித்த படம் அது. அரசியாக வரும் ஹூப்பி கோல்ட்பர்க் கறுப்பினத்தவர், அரசராக வரும் விக்டர் கார்பர் வெள்ளையர், அவர்களுடைய மகனாக நடித்த பாவ்லோ மாண்டல்பான் பிலிப்பைன்ஸில் பிறந்தவர். சிற்றன்னையின் மகள்களிலும் ஒருத்தி வெள்ளை, ஒருத்தி கறுப்பு. இதற்கெல்லாம் படத்தில் ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. "மிஸ், அந்தப் பையன் யார் ஜாடை?" என்று ஒருத்தி கேட்டாள்; வகுப்பே சிரித்தது; அடுத்த பாட்டு வந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சிண்ட்ரெல்லாவாக யார் நடிக்கலாம் என்று கேட்டபோது, இருப்பவர்களிலேயே சிவப்பான பெண்ணைத்தான் அத்தனை பேரும் கை காட்டினார்கள். நிறத்தைப் பற்றிப் பேசாமலேயே அதைக் கடந்துவிடும் அந்தப் படத்தின் வழி நம் ஊருக்குப் பொருந்துமா, அல்லது வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டுமா?

பதில் 1: கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

விளக்கம் சொல்லாதிருப்பதுதான் அந்தப் படத்தின் துணிச்சல் என்று கருதுகிறேன். விளக்கத் தொடங்கினால், கறுப்புப் பெண் இளவரசியாவதற்குத் தனிக் காரணம் வேண்டும் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். மேடைக்கு இது புதிதும் அன்று. மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பிரகலாதனின் தாய் லீலாவதியாக ஓர் ஆண் பட்டுடுத்தி வந்து நிற்கும்போது, பார்க்க வந்தவர்கள் எவரும் ஏன் என்று கேட்பதில்லை. பிள்ளைக்காக அவள் கலங்கும் இடத்தில் அவர்களும் சேர்ந்தே கலங்குகிறார்கள். உங்கள் மாணவர்களும் முதற்காட்சியில் சிரிப்பார்கள், இரண்டாம் காட்சியில் கதைக்குள் போய்விடுவார்கள்.

பதில் 2: திருவாரூர் வாசகி

ஐயாவின் கருத்தைப் பாதிதான் ஏற்க முடிகிறது. அதே பாகவத மேளாவில் ஆண் பெண்ணாகலாம். ஆனால் யார் வேடம் கட்டலாம் என்பது மரபுப்படி பிறப்பால் முடிவான ஒன்று, அதுவும் அந்தணக் குடும்பத்து ஆண்களுக்கு மட்டும் உரியது. பார்வையாளர்கள் கேள்வி கேட்காததை நாம் எப்போதும் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படத்திலும் எனக்கு உறுத்துவது நிறமன்று. 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய வடிவத்திலிருந்தே சிண்ட்ரெல்லா வேலைக்காரியின் மகள் அல்லள். வசதியான வீட்டின் மகள், உரிய இடத்தை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருப்பவள். செருப்பு அவள் காலுக்குச் சேர்ந்ததும் பறிபோன இடம் திரும்புகிறது, அவ்வளவுதான். பிறந்த நாள் முதல் பத்துப்பாத்திரம் தேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கதையில் இடமே இல்லை. 1997ஆம் ஆண்டுப் படம் முகங்களை மாற்றியதே தவிர இதைத் தொடவில்லை. 2009இல் டிஸ்னி எடுத்த தவளை இளவரசி படத்தில் நியூ ஆர்லியன்ஸ் தையற்காரியின் மகள் டியானா, உணவகம் திறப்பதற்காகப் பரிமாறும் வேலை செய்து காசு சேர்க்கிறாள். உழைக்கும் வீட்டுப் பெண்ணைக் கதாநாயகியாக்கிவிட்டு, படத்தின் பெரும்பகுதியில் அவளைத் தவளையாகவே உலவ விட்டார்கள் என்ற மனக்குறை பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு.

நம் பக்கத்தில் சாதி முகத்தில் எழுதியிருப்பதில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே நிறத்தை மட்டும் பாராமல் வேடம் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

பதில் 3: மயிலாடுதுறை, நாடகக் குழுவில் இருந்தவன்

இவ்வளவும் பேசி முடித்த பின், விழா நாளன்று மேக்கப் போடுபவர் பெட்டியைத் திறப்பார். உள்ளே ஒரே ஒரு ரோஸ் பவுடர் இருக்கும். என் அக்கா மகளுக்குக் கழுத்து வரை ரோஸ், அதற்குக் கீழே அவளுடைய சொந்த நிறம் என்று அப்பி அனுப்பினார்கள். புகைப்படத்தில் முகம் தனியாக ஒட்டவைத்தது போல இருக்கிறது, அவள் அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டுவதில்லை. முதலில் அந்தப் பெட்டியை மூடச் சொல்லுங்கள். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: பிராண்டி நடன விருந்துக்கும் தம் பின்னல்களோடேதான் போகிறார். பொன்னிறப் பொய்முடி எதற்கு?

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. கை காட்டித் தேர்ந்தெடுப்பதைக் கைவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று ஒரு பக்க வசனத்தை வாசிக்கச் செய்தோம். பெயர் தெரியாமல் எண்ணுக்கு வாக்களித்ததில், கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணின் குரல் வென்றது. குரலை வைத்தும் சிலர் ஆளைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பதை மறுக்கவில்லை. திருவாரூர் சகோதரி சொன்னதற்காக, அரண்மனைச் சமையற்கட்டில் வேலை செய்பவர்கள் விருந்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அதைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள், இப்போதே மூன்று பக்கம் நீண்டுவிட்டது. தேர்வான பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ரெட்டைச் சடையை அவிழ்க்க வேண்டுமா? வேண்டாம் என்றேன். அப்படியானால் ரிப்பன் நீல நிறத்தில் வேண்டும் என்றாள்.