மாண்டலினில் புளூகிராஸ்: வயலின் பழகிய விரலுக்கு ஒரு சந்தேகம்

பாமணியாறு (மன்னார்குடி):

சிறுவயதில் 4 ஆண்டுகள் வயலின் கற்று, வர்ணங்களோடு நிறுத்திவிட்டவன் நான். இப்போது 46 வயதில் எட்டுத் தந்தி மாண்டலின் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மேடை ஏறும் எண்ணம் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் அரை மணி நேரம் வாசிக்க வேண்டும், அமெரிக்க நாட்டுப்புற இசை வகையான புளூகிராஸையும் கொஞ்சம் ஜாஸையும் விவரம் தெரிந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் வயலினின் ச-ப-ச-ப சுருதியில் பழகிய விரல்கள், கடையில் சுருதி சேர்த்துக் கொடுத்த இந்தக் கருவியின் மேல் இரண்டு தந்திகளில் வழி தவறிவிடுகின்றன. அதைவிடப் பெரிய தொல்லை, மேல் மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில்) எங்கே அழுத்தினாலும் சுரம் சற்று ஏறிப் பேசுகிறது. தந்தியை முறுக்கும் பிரடையை எவ்வளவு திருகியும் பயனில்லை. பழுது கருவியிலா, என் காதிலா?

குடமுருட்டி (பாபநாசம்):

காதில் பழுதில்லை, ஐயா. மாண்டலினின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு, ஒட்டப்பட்டதன்று. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே பலகைமேல் நிற்பது. பேருந்தில் கொண்டுவரும்போது அது இடம் பெயர்ந்திருக்கும். 12-ஆம் மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். அழுத்தும்போது ஏறினால், தந்திகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, குதிரையைக் கழுத்திலிருந்து விலக்கி வால்பக்கம் நகர்த்துங்கள். இறங்கினால் கழுத்தை நோக்கித் தள்ளுங்கள். தந்திகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள், குதிரை கையோடு வந்துவிடும்.

சுருதியைப் பொறுத்தவரை, மேற்கத்திய வயலினுக்கும் மாண்டலினுக்கும் ஜி-டி-ஏ-இ என்ற ஒரே அமைப்புதான்; மாண்டலினின் எட்டும் ஒரே சுரத்தில் இரண்டிரண்டாக நான்கு இணைகள், ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமம். ஜி-யைச் சட்ஜமாகக் கொண்டால் நான்கும் ச, ப, ரி, த என்று அமைகின்றன. மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் காந்தாரம் ஒன்றுதான் பாக்கி. அது ஏ தந்தியின் 2-ஆம் மெட்டில் இருக்கிறது. புளூகிராஸ் பாடல்கள் பலவற்றுக்கு இந்த ஐந்து சுரங்களே முதுகெலும்பு என்பதால், ச-ப-ச-ப-வுக்கு மாற்றிக்கொள்ளாமல் இப்படியே விட்டுவிடுவது நல்லது என்பேன்.

அரசலாறு (கும்பகோணம்):

பாட்டைத் தேடுமுன் தாளத்தைப் பிடியுங்கள். பழைய முறைப் புளூகிராஸ் குழுவில் தாளவாத்தியமே கிடையாது. மாண்டலின், பாஞ்சோ, கிட்டார், வயலின், டபுள் பாஸ், அவ்வளவுதான். 1911-இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த பில் மன்றோ என்ற மாண்டலின் கலைஞர் நடத்திய ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவின் பெயரே இந்த இசைக்கும் வந்தது. அங்கே நான்கு எண்ணும் தாளத்தில் டபுள் பாஸ் 1, 3 எண்ணிக்கைகளில் விழ, மாண்டலின் 2, 4-இல் ‘சாப்’ என்ற வெட்டடியை அடிக்கும். டி தந்தியில் 5, ஏ தந்தியில் 2, இ தந்தியில் 3 என்று மெட்டுகளைப் பிடித்து, பிளெக்ட்ரத்தால் (மீட்டும் வில்லையால்) அடித்த கணமே இடதுகை அழுத்தத்தை விட்டுவிடுங்கள். விரல் தந்தியைவிட்டு எழக்கூடாது. நாதம் நீளாமல் ‘சக்’ என்று அறுபட வேண்டும். எனக்கு அந்தச் ‘சக்’ வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை வீட்டில் யாரோ கீரை நறுக்குவதாகவே அக்கம்பக்கத்தார் எண்ணியிருக்கக்கூடும்.

வெண்ணாறு (நீடாமங்கலம்):

ஒரு மாற்றுக் கருத்து. மாண்டலின் என்றாலே கர்நாடக இசைக் கலைஞர் யு. சீனிவாஸ் நினைவுக்கு வந்து, எட்டுத் தந்தியில் கமகம் தேடுபவர்கள் உண்டு. அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின். இரட்டைத் தந்தியை இழுத்தால் இரண்டும் சேர்ந்தாற்போல் ஏறுவதில்லை, சுருதி பிசிறும். இந்தக் கருவிக்கு நேர்ச்சுரமும் விரைவான மேல்கீழ் மீட்டலுமே அழகு.

பாமணியாறு:

குதிரையை ஒரு நெல்லின் அகலம் நகர்த்தினேன், மேல் மெட்டுகள் சரியாகிவிட்டன. மோகனக் கணக்கைக் கண்டதும் விரலுக்கு அச்சம் போய்விட்டது. வருத்தம் ஒன்றுதான்: திரும்பச் சேர்க்கும்போது இ தந்தி ஒன்று அறுந்தது, இங்குள்ள கடையில் மாண்டலின் தந்தி இல்லை. ஜாஸுக்கும் யாரேனும் வழி சொன்னால் நன்று.

அரசலாறு:

ஜாஸில், வயலின் பழகிய உங்களுக்கு 1934-இல் பாரிஸில் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டாரும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலினும் சேர்ந்து தொடங்கிய குழுவே வாசல். அதிலும் தோற்கருவி கிடையாது, தாளத்தைக் கிட்டார்களே சுமக்கும். ஜாஸின் ‘ஸ்விங்’ நடையைத் தகிட என்று சொல்லி, நடு எழுத்தை விழுங்கிப் பாருங்கள். அந்த ஏற்றத்தாழ்வு பிடிபடும். பிறகு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘கைண்ட் ஆஃப் புளூ’. அதன் முதல் உருப்படியின் சுரங்கள் நம் கரஹரப்ரியா ராகத்துக்குரியவை. நடுவில் எட்டு ஆவர்த்தம் சட்ஜமே அரைச்சுரம் மேலே போய், பின் இறங்கிவிடும். முதல் முறை எனக்குச் சுருதிப்பெட்டி கெட்டுவிட்டதுபோல் இருந்தது.

குடமுருட்டி:

தந்திக்குக் காத்திருக்க வேண்டாம். கிட்டாரின் மெல்லிய முதல் தந்தியில் 010 அளவை (0.010 அங்குலத் தடிமன்) கேட்டு வாங்குங்கள். அதன் முனையிலுள்ள பித்தளைக் குண்டைக் குறடால் நசுக்கி எடுத்தால், மாண்டலினின் வால்கொக்கியில் மாட்டத் தோதான வளையம் மிஞ்சும். வாசித்தபின் பழைய வேட்டித் துணியால் துடைத்து வையுங்கள். ஐப்பசி ஈரத்தில் இந்தத் தந்திகள் விரைவில் துருப்பிடித்துவிடும்.