தோட்டத்து ரோட்டுக்கு யாரு பொறுப்பு? சங்கம் பாக்காம எல்லாரும் சேந்து கேக்குறது எப்படி?

மேக்கணக்குப் பிள்ளை:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல மேக்கணக்குல, அதாவது மேல் டிவிசன்ல இருக்கோம். அம்மா கொழுந்து எடுக்குறாங்க. நான் ஏ.எல். முடிச்சிட்டு சின்னப் பிள்ளைகளப் பாத்துக்கிற பிள்ளைக்காம்பராவுல வேலை பாக்குறேன்.

நவம்பர் மாசம் டித்வா புயல் மழையில எங்க ரோட்டு மதகு அடிச்சிட்டுப் போயிருச்சு. இப்ப ரெண்டு சவுக்கு மரத்தப் போட்டு அதுமேல பலகை அடிச்சி வச்சிருக்காங்க. மனுசர் நடக்கலாம், ஓட்டோ ஏறாது. போன மாசம் அடுத்த லயத்து அக்காவுக்கு ராத்திரி வலி வந்து, கம்பளியில வச்சி நாலு பேர் தூக்கிட்டுத்தான் மதகு தாண்டிக் கொண்டு போனாங்க. பலகையில கால் வைக்கிற நேரம் டோர்ச் அடிச்சவ நான். முன்னுக்குப் பிடிச்சவரு பலகை எங்க முடியுதுன்னு காலால தடவித் தடவித்தான் போனாரு. அதுக்குப் பிறகு சும்மா இருக்க முடியல.

பிரதேச சபைக்குப் போய்க் கேட்டா "தோட்ட ரோடு, நிர்வாகத்தக் கேளுங்க"ங்கிறாங்க. தோட்ட ஆபீஸ்ல கேட்டா "சபையக் கேளுங்க". எங்க லயத்துல ரெண்டு தொழிற்சங்கம் இருக்கு. ரெண்டு தலவரும் "நீங்க ஒண்ணும் எழுதாதீங்க, நாங்க மேல சொல்லியிருக்கோம்"னு சொல்றாங்க. ஒரு சங்கத்துக்காரங்க எழுதுன கடிதத்துல மத்த சங்கத்துக்காரங்க கையெழுத்து வைக்க மாட்டாங்க.

ரோட்டுக்குக் கீழ ஒரு சிங்களக் கிராமம் இருக்கு. அவங்க மரக்கறித் தோட்டம் மதகுக்கு மேல இருக்கு, அவங்க லொறியும் இப்ப போறதில்ல. எங்க பெடியங்க சில பேர் மெயின் ரோட்ட மறிப்போம்னு நிக்கிறாங்க. மறிச்சா கிராமத்து ஆக்களோட சண்டையா முடியுமோன்னு பயமா இருக்கு. சின்னப் பிள்ளையில இருந்து எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரு வம்பும் இல்ல.

உண்மையில இது யாரோட பொறுப்பு? தலவர்மார பகைச்சுக்காம, கிராமத்தையும் பகைச்சுக்காம எப்படித் தொடங்குறது? இதெல்லாம் செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

ஊவாக் காத்து:

தங்கச்சி, நான் பண்டாரவளைப் பக்கம். எங்க தோட்டத்துல தண்ணிக் குழாய்க்காக இதே அலைச்சல் அலைஞ்சிருக்கோம். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல பொறுப்பு. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு. தோட்டக் குடியிருப்புக்குச் சபைக் காசைச் செலவழிக்க விடாம அதுதான் முட்டுக்கட்டையா நின்னுச்சு. முப்பது வருசமா வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவங்க, வேலைன்னு வந்தா அந்தப் பிரிவக் காட்டிட்டுப் போனாங்க. 2018ல அதைத் திருத்திட்டாங்க. அதனால "தோட்டம், நாங்க கை வைக்க ஏலாது"ங்கிற பேச்சு இப்ப செல்லாது. கம்பனியும் நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்ல. 1992ல நிர்வாகத்தக் கம்பனிகளுக்குக் குடுத்து, பிறகு 53 வருசக் குத்தகைக்கு விட்டாங்க. மண் அரசாங்கத்து மண். இத ரெண்டு ஆபீஸ்லயும் சத்தம் போடாம, தெரிஞ்சவ மாதிரிச் சொல்லணும்.

ஆனா வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும். சபையில சொன்னத அப்படியே எழுதித் தரச் சொல்லுங்க. தர மாட்டாங்க. அப்ப 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தக் கையில எடுங்க. சபையில தகவல் உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருப்பார். அவர் பேருக்கு ஒரு விண்ணப்பம். எதுக்குக் கேக்குறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. தமிழ்லயே எழுதலாம். அவர் 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். மறுத்தாலோ, பேசாம இருந்தாலோ 14 நாளுக்குள்ள அதே சபையில குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கும் மேல கொழும்புல ஆணைக்குழு.

என்ன கேக்குறதுங்கிறதுலதான் விசயமே இருக்கு. "ரோடு ஏன் போடல"ன்னு கேட்டா கதைதான் வரும். ஆவணத்தக் கேளுங்க. இந்த ரோடு சபையோட வீதிப் பதிவேட்டுல இருக்கா, இருந்தா அந்தப் பக்கத்தோட பிரதி. 2018க்குப் பிறகு தோட்ட ரோடுகளுக்கு வருசா வருசம் ஒதுக்குன காசும், செலவழிச்ச காசும். டித்வாவுக்குப் பிறகு சேதமான ரோடு, மதகுன்னு பிரதேச செயலகத்துக்கு அனுப்புன பட்டியல். உங்க மதகு அந்தப் பட்டியல்ல இல்லாட்டி, அத வச்சே பேச ஆரம்பிக்கலாம்.

இன்னொண்ணு, இத மறந்துறாதீங்க. பதில் எந்த விலாசத்துக்கு வரும்? லயத்துக்குத் தனி விலாசம் இல்ல, தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். எங்க முதல் பதில் அங்கேயே ஒரு மேசையில கிடந்து, மேன்முறையீட்டுக்கு உள்ள நாள் கடந்துதான் கைக்கு வந்துச்சு. அதுக்குப் பிறகு டவுன்ல தெரிஞ்ச ஒரு மருந்துக் கடை விலாசத்தக் குடுத்தோம். அனுப்புறத பதிவுத் தபால்ல அனுப்பி, துண்ட ஒரு கொப்பியில ஒட்டி வச்சோம். கையில குடுத்தா, மத்தப் பிரதியில திகதி போட்டு முத்திரை வாங்காம வெளிய வரல. அந்தக் கொப்பிதான் எங்களுக்கு எல்லாம். ஆபீஸ்ல ஆள் மாறுனாலும் கொப்பி மாறாதில்லையா.

இனி ரோடு மறிக்கிறது. வேண்டாம் தங்கச்சி. மறிச்சா கஷ்டப்படப்போறது பஸ்ல வர்ற பிள்ளைகளும் கிராமத்து ஆக்களும். அவங்களும் உங்களப் போல மதகு இல்லாமத் தவிக்கிறவங்க. அவங்களத்தான் நீங்க முதல்ல பாக்கணும். அங்க மரணாதார சமிதிய இருக்கும், சாவு வீட்டுக்கு உதவுற சங்கம். கிராமத்துல ஒருத்தர் பாக்கியில்லாம அதுல இருப்பாங்க. தலைவரும் காரியதரிசியும் யாருன்னு விசாரிச்சி, சிங்களம் நல்லா வர்ற ஒருத்தரையும் வயசான ஒரு அம்மாவையும் கூட்டிட்டு வீட்டுக்கே போங்க. பெடியங்க கூட்டமா போக வேண்டாம். கடிதம் ரெண்டு மொழியில இருக்கட்டும், ஒரே கடிதம், ஒரே கையெழுத்துத் தாள்.

எங்க பக்கம் கிராமத்துப் பன்சலை ஹாமுதுருவோ, அதாவது விகாரைப் பிக்குதான் சிங்களக் கடிதத்த வாசிச்சிப் பாத்து ரெண்டு வசனத்தத் திருத்திக் குடுத்தாரு. தண்ணி அவங்களுக்கும் அதே ஊத்துல இருந்துதான் வருது. அத அவங்க வாயாலேயே சொல்லிக் கேட்ட பிறகு எங்க ஆக்களுக்கு இருந்த தயக்கம் போயிருச்சு.

கையெழுத்து வாங்குற வரிசைதான் சங்கச் சண்டைக்கு மருந்து. தலவர்மார் பேர மேல போட்டா "யாரு முதல்ல"ன்னு அங்கேயே நிக்கும். மதகுக்கு ஆகக் கிட்ட இருக்கிற வீட்டுல தொடங்கி, ரோடு போற வழியிலேயே வீடு வீடா வாங்குங்க. கிராமத்து வீடு, லயம், கடை, எல்லாம் கலந்து வரும். தலவர் வீடு எங்க வருதோ அங்க அவர் பேர். அவங்களுக்கு மரியாதையா முன்கூட்டியே சொல்லிருங்க, "இது சங்கத்துக்கு எதிரா இல்ல தலவரே, உங்க வீட்டுக்கும் வர்றோம்"னு. எங்க தோட்டத்துல ரெண்டு பேரும் வச்சாங்க. ஒருத்தர் ராத்திரி தானா வந்து கேட்டு வாங்கி வச்சாரு.

மலைநாட்டு வாத்தியார்:

மேலே எழுதிய சகோதரி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் தலவாக்கலைப் பக்கம், இப்போது ஓய்வில் இருக்கிறேன். கையெழுத்து வைக்கத் தயங்குகிறவர்களிடம் பிள்ளை சொல்வதற்கு இரண்டு விடயங்களை மட்டும் எழுதுகிறேன்.

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே நம்மை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. என் அப்பா நாடற்றவர் என்ற பெயரோடுதான் கண் மூடினார். ஒரு அரச அலுவலகத்துக்குத் தன் பெயரில் கடிதம் எழுதும் தகுதியே அவருக்கு இருந்ததில்லை. அந்தத் தகுதி இன்று அந்த லயத்தில் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அதைத் தலவரிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார வேண்டாம்.

இரண்டாவது, 1977 மே மாதம். தோட்டக் காணிகளை எடுத்துப் பங்கிடும் திட்டத்துக்கு எதிராக டெவன் தோட்டத்துப் பக்கம் தொழிலாளர்கள் திரண்டபோது பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். இன்றைக்கும் மே 11 அன்று அவரை நினைக்கிறோம். அன்று திரண்டவர்கள் சங்க அட்டையைப் பார்த்துத் திரளவில்லை.

இன்னும் ஒன்று. மதகு அடித்துப் போன இடத்துக்கு மேலே மண்ணில் வெடிப்பு இருக்கிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்க வேண்டும் என்று கிராம சேவகர் ஊடாகவும் பிரதேச செயலகத்துக்கும் தனியாக எழுதுங்கள். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை நாம் மறக்க முடியுமா? ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தும் சனம் அங்கேயேதான் இருந்தது, போக வேறு இடம் இல்லாததால். மதகைக் கட்டிவிட்டு மேலே இருக்கும் லயத்தை மறந்துவிடக் கூடாது.

மேக்கணக்குப் பிள்ளை:

அக்கா, சேர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சேர் எழுதுனத அம்மாவுக்கு வாசிச்சிக் காட்டுனேன். தாத்தாவோட பழைய பாஸ்போட் கடுதாசி ஒண்ணு பொட்டியில இருக்குன்னு எடுத்துக் காட்டுனாங்க. இவ்வளவு நாளும் எங்கிட்ட சொன்னதே இல்ல.

சேர், வெடிப்பு இருக்கு. கடைசிக் காம்பராவுக்குப் பின்னால, கை போற அளவுக்கு. நாளைக்கே கிராம சேவகர்கிட்ட போறேன்.

ஒரு சந்தேகம். கடிதம் சபைக்குப் போன பிறகு உள்ளுக்கு என்ன நடக்கும்? யாரப் பிடிக்கணும்?

முன்னாள் உறுப்பினர்:

நான் 2018இல் தெரிவான பெண் உறுப்பினர்களில் ஒருவர். 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டம் முதல் முறை நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. சபைக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கடிதம் வந்தால் கோப்பில் போகும். அவ்வளவுதான். அதைச் சபைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் பிரேரணையாகக் கொண்டு வந்தால்தான் கூட்டக் குறிப்பில் ஏறும். கூட்டக் குறிப்பில் ஏறிய விடயத்தை உத்தியோகத்தர்கள் லேசில் ஒதுக்க முடியாது. அதனால் உங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி கொடுங்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும். கூடவே சபையில் இருக்கும் பெண் உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு பிரதி. ஒருவர் பிரேரிக்க, வேறு கட்சியில் ஒருவர் வழிமொழிந்தால் மிக நல்லது. கம்பளியில் தூக்கிப் போன கதையை அவர்களிடம் நேரில் சொல்லுங்கள். எனக்கு யாராவது அப்படி வந்து சொல்லியிருந்தால் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்றிருப்பேன்.

பிரேரணை நிறைவேறியதும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு போட வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் காரியம் தூங்கும். வாகனம் இல்லை, ஆள் இல்லை என்பார்கள். "எந்தத் திகதி வருவார்?" என்று எழுத்தில் கேட்டு அந்தக் கொப்பியில் ஒட்டுங்கள். மதிப்பீடு இல்லாமல் காசு ஒதுக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வருடக் கடைசியில்தான் வரும், அதற்கு முன்னே உங்கள் மதிப்பீடு மேசையில் இருக்க வேண்டும். அனர்த்த நிதியில் செய்யலாம் என்றாலும் கேட்பது அதே மதிப்பீட்டைத்தான்.

பெரிய ஆள் யாராவது வந்து அடிக்கல் நாட்டினால் நாட்டட்டும். படம் எடுத்தால் எடுக்கட்டும். அதைத் தடுக்கப் போய்ச் சக்தியை வீணாக்க வேண்டாம். ஆனால் அடிக்கல் நாட்டும் அன்றே "எந்த நிதி, எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், எப்போது முடியும்" என்ற நான்கையும் கேட்டு இன்னொரு தகவல் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

மேக்கணக்குப் பிள்ளை:

நேத்து அம்மாவும் நானும் பக்கத்து லயத்து ஆயாவும் கிராமத்துக்குப் போனோம். சமிதியத் தலைவர் மாத்தையா வீட்டுல தேத்தண்ணி குடுத்தாங்க. அவங்களும் சபைக்கு ஒரு கடிதம் எழுதி வச்சிருக்காங்க! அதுக்கும் பதில் வரலையாம். சேத்து எழுதுவோம்னு அவரே சொன்னாரு. ஞாயித்துக்கிழமை காலையில மதகடியில ரெண்டு பக்கமும் கூடுறோம். ரோடு மறிப்போம்னு சொன்ன பெடியங்களத்தான் கையெழுத்து வாங்க அனுப்பப்போறேன், அவங்களுக்குத்தான் எல்லா வீடும் தெரியும்.

கடைசியா ஒரு கேள்வி. மதகோட நீள அகலத்த நாங்களே அளந்து கடிதத்துல எழுதலாமா?

ஊவாக் காத்து:

எழுதுங்க தங்கச்சி, கட்டாயம் எழுதுங்க. ஞாயிறு எல்லாரும் நிக்கிற நேரமே டேப் வச்சி அளந்துருங்க, டேப்போட ஒரு படமும் எடுத்துக்கங்க. மேசன் வேலை தெரிஞ்சவர் ஒருத்தர் உங்க பக்கமோ கிராமத்துலயோ இருப்பார், அவரப் பிடிக்கச் சொல்லுங்க. மழைக் காலத்துல தண்ணி எவ்வளவு உயரம் வருதுன்னு கல்லுல அடையாளம் இருக்கும், அதையும் குறிச்சி வைங்க. சின்னக் குழாய் ஒண்ணப் போட்டு மூடிட்டுப் போனா அடுத்த மழைக்கே மறுபடியும் அடிச்சிட்டுப் போயிரும்.